வடக்கே, ஆற்றுக்கு அப்பால்

இந்த வாரங்கர் கரையில் மண் என்பது
நாமே சேர்த்தால்தான் உண்டு.
இருபத்திரண்டு வருடமாகச் சேர்க்கிறேன்,
அலை ஒதுக்கிய பாசி, காட் மீனின் தலைகள்,
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில்
பிள்ளைகள் கடித்துப் போட்ட ஆப்பிளின் நடுத்தண்டு.

அதில்தான் உருளைக்கிழங்கு, வெள்ளைத் துணிக்கு அடியில்.
மீன் பெட்டிகளில் முட்டைக்கோசு.
தெற்குச் சுவரோரம் ருபார்ப்,
யாரையும் கேட்காமல் குடை விரிக்கும்.
ஜூன் மாதம் சூரியன் இறங்குவதேயில்லை,
பட்டாணிக்கொடி கண் மூடாமல் ஏறுகிறது.
நானும்தான். இரவு ஒரு மணிக்குக் களை பிடுங்குகிறேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைகிறது.

எதிர்வீடு ஒட்வாருடையது.
நான்கு வருடம் முன்பு ஒரு காலை
அவர் ஆடுகள் ஏழு பெட்டி முட்டைக்கோசைத் தின்றன.
"வேலி உன்னுடையது" என்றார்.
"வாய் உங்கள் ஆட்டினுடையது" என்றேன்.
அதுதான் கடைசிப் பேச்சு.

முல்தே மட்டும் என் கைக்கு வளரவில்லை.
சதுப்பையே வாளியில் அள்ளி வந்து
மழைநீர் ஊற்றிப் பார்த்தேன்.
மூன்று கோடை, இலை மட்டும்.
தேடிப் போனால்தான் கிடைப்பேன் என்கிற பழம் அது.
ஒரு தண்டுக்கு ஒன்றுதான்.
காயாக இருக்கையில் சிவப்பு,
பழுக்கப் பழுக்கச் சிவப்பு இறங்கித் தேன்நிறம்.
வெட்கத்தோடு பிறந்து
வெட்கம் தீர்ந்தபின் இனிக்கும்.

எங்கள் ஊரில் எதையும் கேட்கலாம்.
சம்பளம் கேட்கலாம்,
கணவன் ஏன் போனான் என்று கேட்கலாம்.
முல்தே எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக்கூடாது.
சாகக் கிடப்பவர்கள்கூடப் போதகரிடம்
மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டு
அதைச் சொல்லாமல் போகிறார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரம், இரவு இரண்டு மணி,
அணைக்க மறந்த விளக்குபோல வானம்.
வழக்கம்போல் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்டு
நாற்பது நிமிடம் சுற்றி நடந்து
என் சதுப்புக்கு வந்தேன்.
அங்கே ஒரு முதுகு குனிந்திருந்தது.
நீலத் தொப்பி. தெரிந்த தொப்பி.

அவர் நிமிர்ந்தார். நான் கொசுவலைக்குள் நின்றேன்.
எத்தனை வருடமாக வருகிறீர்கள்,
இது யாருடையது, எதுவும் இல்லை.
அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்,
நான் இந்தப் பக்கம்.
வாளியில் பழம் விழும் ஓசை மட்டும்,
அவருடையது தகரம், என்னுடையது பிளாஸ்டிக்.
நடுவே பத்தடிக்கு ஒரு பட்டை
பழுத்துத் தளும்பிக் கிடந்தது.
இருவரும் அதை விட்டு விலகி விலகியே பறித்தோம்.

ஒன்பதாம் நாள் மறுபடி போனேன்.
பட்டை அப்படியே, பழம் கூழாகிக் கசிந்து.
பறவைகள் பாதியைத் தின்றிருந்தன.
அவர் காலடி இல்லை.
என்னுடையதும் இல்லை,
பார்க்க வந்த இதைத் தவிர.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில்.
எனக்கு முன்னால் ஒட்வார், சர்க்கரை ஐந்து கிலோ.
அவருக்கு முன்னால் நகராட்சிக்குப் புதிதாக வந்த பொறியாளர்,
தெற்கத்திக்காரர், பாவம், தெரியாது.
சர்க்கரையைப் பார்த்தார்.
"ஜாமுக்கா? முல்தே எங்கே கிடைத்தது?"
கல்லாவில் யோருன் கை நின்றது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
ஒட்வார் காசை எண்ணிக்கொண்டே சொன்னார்,
"வடக்கே, ஆற்றுக்கு அப்பால்."

எங்கள் சதுப்பு தெற்கே இருக்கிறது.
என் கையில் பால் குளிர்ந்துகொண்டிருந்தது.
"ஆமாம்" என்றேன்,
"உங்கள் காரை அங்கேதான் பார்த்தேன்."
அவர் திரும்பி
நான்கு வருடத்தில் முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்தார்.
"அங்கே கொசு அதிகம்" என்றார்.
"ரொம்ப" என்றேன்.
பொறியாளர் அலைபேசியில் குறித்துக்கொண்டார்.

வேலியில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.
ஆடுகளுக்கும் அது தெரியும்.
முட்டைக்கோசுக்கு வலை போட்டிருக்கிறேன்.