நுழைவுக் கட்டணம்

வின்னிபெக்கில் எங்கள் முதல் பிப்ரவரி.
விலங்குக் காட்சிசாலைக்கு
நாலு பேர் போய்வர என்ன ஆகும் என்று
மின்கட்டண ரசீதின் பின்புறம்
கூட்டிப் பார்த்தார் ரொடெல்.
பிறகு ரசீதைத் திருப்பி
முன்புறத்தையும் பார்த்தார்.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெஞ்சோவுக்கு ஐந்து, லிகாயாவுக்கு இரண்டு.
இருப்பது ஓர் அறை.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்த மனிதர்
பகலில் கண்ணை மூட வேண்டுமென்றால்
இதுகள் இரண்டையும் நான்
எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.

கிளம்புவதற்கே பாதி நாள் போய்விடும்.
கையுறை ஒன்று இருக்கும், அதன் ஜோடி இருக்காது.
பூட்ஸ் மாட்டி, ஜிப் இழுத்து,
மூக்குவரை துணி சுற்றி,
கதவைத் திறக்கும்போதுதான்
"அம்மா, ஒண்ணுக்கு."

துணி வெளுக்கும் கடை நல்ல இடம்.
வெதுவெதுப்பாக இருக்கும்.
நாலு டாலருக்கு அழுக்கும் போகும், படமும் ஓடும்.
வட்டக் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் சம்மணமிட்டு
சிவப்பு சாக்ஸ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.
வந்தால் கைதட்டல்.
சுழற்சி நின்றதும் லிகாயா அழுவாள்,
இன்னொரு முறை போடச் சொல்லி.

நதி உறைந்து கிடந்தது.
அதன் மேல் நடக்கக் காசு கேட்கவில்லை யாரும்.
எங்கள் ஊர் நதி
கேட்காமலே வீட்டுக்குள் வரும்,
அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போகும்.
இது மல்லாந்து படுத்து
என்னை நடக்க விட்டது.
நான்கு அடி வைத்தேன். ஐந்தாவதில் விழுந்தேன்.
அன்றைக்கு என் பிள்ளைகளுக்கு
அதைவிடப் பெரிய வேடிக்கை ஊரிலேயே இல்லை.

ஆனால் சனிக்கிழமை என்றால் செல்லப்பிராணிக் கடைதான்.
முயல், கிளி, வெள்ளெலி,
ஒரு சுவர் நிறைய மீன்.
யாரும் துரத்திவிடக் கூடாதே என்று
மீன்தீவனப் பொட்டலம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு
விலை படிப்பதுபோல் நிற்பேன்.
போகும்போது எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.
எங்களிடம் மீன் இல்லை.

நாலாவது சனிக்கிழமை
கடைக்காரப் பையன் நேராக எங்களை நோக்கி வந்தான்.
சட்டையில் டாரில் என்று பெயர் குத்தியிருந்தது.
எனக்கு முகம் சுட்டது.
வாய்க்குள் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்,
வீட்டில் இரண்டு தங்கமீன் இருக்கிறதென்று.
அவன் பெஞ்சோவின் உயரத்துக்குக் குனிந்து
"தாடிப் பல்லி மூன்று மணிக்குத்தான் சாப்பிடும்.
நீங்கள் எப்போதும் இரண்டரைக்கே போய்விடுகிறீர்கள்" என்றான்.

அதற்கப்புறம் எங்கள் வாரம்
அந்த மூன்று மணியைச் சுற்றித்தான் ஓடியது.
பல்லி சிள்வண்டைப் பார்க்கும்.
சிள்வண்டு எதையும் பார்க்காது.
பெஞ்சோ மூச்சை அடக்கிக்கொள்வான்.
டப்!
தீவனப் பொட்டலத்தை நான் எடுப்பதையே மறந்துவிட்டேன்.

மே மாதம் தொழிற்சாலையில்
காட்சிசாலை டிக்கெட் நாலு இலவசமாகக் கொடுத்தார்கள்.
ரொடெல் தூங்காமலே வந்தார்.
கண்ணாடிச் சுரங்கத்தில் நின்றோம்,
தலைக்கு மேல் தண்ணீர்.
அதில் பனிக்கரடி ஒன்று
மேகம் கைகால் முளைத்து வந்ததுபோல் நீந்திப் போனது.
அதன் உள்ளங்கால் கறுப்பு,
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.
லிகாயா அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள்.
அப்பாவும் ஏறக்குறைய.

பெஞ்சோ வாய் திறக்கவில்லை.
பஸ்ஸிலும் பேசவில்லை.
கடை இருக்கும் நிறுத்தம் வந்ததும்
மணிக்கயிற்றை இழுத்துவிட்டான்.

அடைத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.
உள்ளே டாரில் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவன்
இரண்டு கையையும் விரித்து,
போதாமல் குதித்து,
இவ்வளவு பெரிசு என்று காட்டினான்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
டாரில் கதவைத் திறந்தான்.
"பல்?" என்று கேட்டான்.