விட்டிட்டன்

முதலாம் சாட்சி
மூதூரிலிருந்து முதல் லோஞ்சில் வந்தவள்.
கூண்டில் ஏறியபோதும் கையில் பயணச்சீட்டு,
நாலாய், எட்டாய் மடிந்து.

கதவு மூடிய விசாரணை.
நான் மொழிபெயர்ப்பாளர்.
தமிழில் கேட்பதை ஆங்கிலத்தில் சொல்வேன்,
ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில்.
கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.
பெருமூச்சை மொழிபெயர்க்கச் சம்பளம் இல்லை.

புதன்கிழமைகளில் அவன் வருவான்.
குழுக் கடன். ஏழு பெண்கள், ஒரு கொப்பி.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஆறு பேரும் கட்டவேண்டும்.
மூன்று தவணை பிந்தியிருந்தது.
கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
"ஆறு பேரையும் உன்ர வாசலில கொண்டுவந்து நிப்பாட்டட்டோ?"
என்று கேட்டானாம்.
பிறகு கதவைச் சாத்தினானாம்.
கத்தி இல்லை. அடி இல்லை.
குரல்கூட உயரவில்லை.

"நீர் கத்தினீரா?"
"இல்லை."
"பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?"
"கிட்டத்தான். ஞானசோதி அக்கா வீடு.
அவவும் குழுவில இருக்கிறா."
"ஒரு கீறல்? ஒரு கிழிசல்?"
"இல்லை."
"அப்ப என்னதான் செய்தீர்?"

அவள் யன்னலைப் பார்த்தாள்.
வெளியே மதிலோரம் ஒரு மான்
யாரோ எறிந்த சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது.
மானை உவமையாக்க எனக்கு விருப்பமில்லை.
அது அங்கே நின்றது, அவ்வளவுதான்.

"விட்டிட்டன்."

திறந்த வாய் திறந்தபடி நின்றேன்.

அனுமதித்தாலும் விட்டிட்டன்தான்.
ஏலாமல் போனாலும் விட்டிட்டன்தான்.
சோழகத்தில் லோஞ்சுக் கயிறு உள்ளங்கையை அறுக்க
விரல்கள் தானாய் விரிகின்றனவே,
அதற்கும் அவளூரில் அதே சொல்.
கயிறு போனபின்
நீதானே போகச் சொன்னாய் என்று
எவரும் கேட்பதில்லை.

முந்நூற்று அறுபத்து மூன்றாம் பிரிவு எனக்கு மனப்பாடம்.
பயமுறுத்திப் பெற்ற சம்மதம் சம்மதம் அல்ல.
கீழே ஒரு விளக்கம்:
உடம்பில் காயம் இருந்தாகவேண்டும் என்றில்லை.
எழுதியவர் யாரோ, நல்லாய்த்தான் எழுதியிருக்கிறார்.
ஆனாலும் கேள்விகள் எல்லாம்
காயத்தைத் தேடித்தான் வருகின்றன,
இலையான் மாதிரி.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் நீதிபதி.

பதினாறு வருசத்தில் முதல் தடவை
சொல்லை என் வாயிலேயே வைத்துக்கொண்டேன்.
"கனம் நீதிபதி அவர்களே, இதற்கு இரண்டு பொருள்.
எது என்று நான் தீர்மானிக்கக் கூடாது.
சாட்சியைக் கேட்க அனுமதி வேண்டும்."

எதிரி சட்டத்தரணி எழும்பினார். ஆட்சேபம்.
மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும்
ஒவ்வொரு சுற்றிலும் எதிலோ தட்டியது.
கேளுங்கள் என்றார் நீதிபதி.

அவளுடைய தமிழிலேயே கேட்டேன்:
"எதை விட்டனீங்கள்?"

பயணச்சீட்டை விரித்தாள். திரும்ப மடித்தாள்.
"என்னை" என்றாள்.

ஆங்கிலத்தில் சொன்னேன்.
தட்டெழுத்துக்காரிக்கு விளங்கவில்லை.
இன்னொரு தரம் சொன்னேன், கொஞ்சம் உரத்து.

வழக்கு அடுத்த மாதம் பதினெட்டுக்குத் தவணை.
அந்தச் சொல்லும் தவணைதான்.
பின்னேர லோஞ்ச் நாலரைக்கு.
அவள் கடைசி வாங்கில் இருந்து
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.