மூடி என்னிடம்

கச்சான் அடிக்கிறது.
விரித்த மேசைத்துணியை
வயல் பக்கத்து யன்னல்
மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்கிறது.
நாலு மூலைக்கும் பாரம் வைத்தேன்:
உம்மாவின் பாக்குவெட்டி,
பன்னீர்ச்செம்பு,
கழுத்து நெளிந்த மூக்குப்பேணி,
நாலாவதற்கு ஒன்றும் அகப்படாமல்
குர்பான் இறைச்சி நிறுக்க
இரவல் வாங்கிய ஒரு கிலோப் படி.

ஹஜ்ஜுப் பெருநாள் காலை.
தொழப் போனவர்கள் வர இன்னும் அரை மணி.
நிந்தவூர் முழுக்கத் தக்பீர்.
அதற்குள் எங்கேயோ ஒரு மாடு கத்துகிறது.

பச்சைக் கரைப் பீங்கான்கள் ஆறு.
பன்னிரண்டு இருந்தன.
கல்முனையிலிருந்து தலைச்சுமையாய் வந்த ஒருத்தனுக்கு
இரண்டு மூடை நெல் அளந்து கொடுத்து
வாங்கினாவாம் உம்மா,
வாப்பா வட்டையில் நின்ற நேரம் பார்த்து.
ஒரு கிழமை அவர் அதில் சாப்பிடவில்லை.
எட்டாம் நாள்
ஆணம் ஊற்றச் சொல்லி நீட்டினாராம்.

உம்மா மௌத்தாகி நாற்பது கழித்து
நானும் ஜெஸீமா ராத்தாவும்
பாயில் இருந்து பங்கு வைத்தோம்.
ஆறு அவவுக்கு, ஆறு எனக்கு.
மூடி போட்ட பெரிய கோப்பைதான் மிஞ்சியது.
நீ எடு என்றா.
நீங்க எடுங்க என்றேன்.
இரண்டு பேரும் மனதாரச் சொல்லவில்லை.
கடைசியில் கோப்பை அவவோடு போயிற்று,
மூடி என்னோடு நின்றது.
பெருநாளுக்குப் பெருநாள்
ஒன்றாய்ச் சேரும் என்பது பேச்சு.
சேர்ந்தும் வந்தது,

மாசியில் மதில் கட்டும் வரை.
ஒன்றரை அடி மண்.
மேசன்மார் நடுவில் நூலைப் பிடித்துக்கொண்டு
நாங்கள் கத்திய கத்தல்!
அவவின் முருங்கை
என் பக்கம் பூக்கொட்டுகிறது.
கூட்டி அள்ளுகிறேன்.
வறைக்கு எடுப்பதில்லை.

எட்டுப் பேர் மேசை, தேக்கு.
குறைகிற இரண்டுக்கு
மெலமைன் கொண்டுவந்து வைத்தாள் ஹம்தா.
பச்சைக்குப் பச்சை பொருந்தும் என்கிறாள்.
பொருந்தவில்லை.
எண்ணெய் மினுங்கத் தொதல் வெட்டி அடுக்கினேன்.
மஸ்கட். கிண்ணத்தப்பம்.
சம்மாந்துறைத் தயிர்ச்சட்டி.
நடுவில் வைக்க எதுவும் சரிவராமல்
அலுமாரியிலிருந்து மூடியை எடுத்து
மல்லாத்தினேன். குமிழில் ஆடியது.
கையில் கிடந்த வளையலைக் கழற்றிக்
கீழே கொடுத்தேன், நின்றது.
அதற்குள் பாலைப்பழம்,
நேற்றுக் காட்டுப்பக்கமிருந்து வந்த மஞ்சள்,
இலையோடு.

சிபான் வந்தான்.
கிணற்றடியால் ஓடி வந்த பிள்ளை
இப்போது ரோட்டால் சுற்றி,
விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றி.
கையில் கோப்பை.
வட்டிலப்பம், மேலே முந்திரி,
மூடிக்குப் பதில் பழைய பத்திரிகை,
தையல் நூலால் இறுக்கி.
“சாச்சி, கோப்பய ஒடனத் தரட்டாம் உம்மா.”
வேறு?
“வேற ஒண்டும் செல்லல்ல.”

வட்டிலப்பத்தை மெலமைனுக்கு மாற்றினேன்.
கோப்பையைக் கழுவி
வேண்டியதைவிட நேரம் துடைத்தேன்.
வெறும் பாத்திரம் திருப்பி அனுப்புவது
எங்கள் வளவில் இல்லை.
பழம் முழுவதையும் அதில் சரித்து
மூடியைக் கவிழ்த்தேன்.
டக்கென்று உட்கார்ந்தது,
எதுவும் நடக்காதது போல.

வாசல் தாண்டப் போனவனை
“நில்லு மகன்” என்றேன்.
சின்னதில் இந்தப் பழத்தை
நின்ற நிலையில் தின்பா ராத்தா.
பால் ஒட்டி, உதடு பிரியாமல்,
கண்ணால் மட்டும் அழுவா.
உம்மா எண்ணெய் தொட்டுத் தடவித்தான்
வாயைத் திறப்பா.

மருந்துப் போத்தல் ஒன்றில்
தேங்காயெண்ணெய் ஊற்றிப்
பழங்களுக்கு நடுவே நட்டேன்.

இப்போது மேசை நடுவில் வளையல் மட்டும்.
பள்ளியால் வருகிறவர்களின்
மோட்டார் சைக்கிள்கள் கேட்கின்றன.
அதற்கிடையில் எனக்குக் கேட்பது
மூடி கோப்பையில் மோதும் சத்தம்:
ரோட்டில் போய்,
வளைவில் மங்கி,
மதிலுக்கு அந்தப் பக்கம் திரும்ப வருகிறது.
கதவு.
பிறகு மூடி திறக்கிற சத்தம்.
பிறகு கச்சான்.