துறையறிந்த ஒருவர்

கிண்டி உத்தரவு பதினொரு பக்கம்.
ஒன்பதாவதில் அவரைச் சந்தித்தேன்:
‘துறையறிந்த எவருக்கும் இது எளிதில் தோன்றக்கூடியதே.’

பேர் கிடையாது, ஊர் கிடையாது.
உலகத்து சர்க்யூட் எல்லாம் படித்திருக்கிறார்.
சொந்தமாய் ஒன்றும் தோன்றாதாம் அவருக்கு,
சட்டம் அப்படித்தான் படைத்திருக்கிறது
என்கிறாள் வக்கீல் றோஸ்லெட்.
ஆனாலும் எனக்குத் தோன்றியது மட்டும்
எனக்கு முந்தியே அவருக்குத் தோன்றிவிடும்.

ஐயா, நீர் எங்கே இருந்தீர்?
பாறசாலை கல்யாணத்தில்
நாலு பாட்டரியும் தளர்ந்து
பிளாஷ் முனகி முனகி
சிவப்புப் பொட்டு எரியும் முன்னே
தாலி ஏறிப்போன அன்று?
படம் விழாத பெண்ணின் அப்பன்
களியக்காவிளையில் எனக்க கடை ஷட்டரை
உதைத்த அன்று?

முந்நூற்று முப்பது வோல்ட் கப்பாசிட்டர்.
மின்னி முடிந்தும் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கும்.
சாகக் கிடக்கிற பாட்டரிக்கு
ஆசிலேட்டரைத் தட்டியெழுப்பத் தெம்பில்லை.
மிச்சத்தில் ஒரு துளியைப் பின்னுக்கு விட்டேன்.
அவ்வளவுதான்.
மூன்று வருஷம், ஒரு வயர்.
வலது பெருவிரலில் வெள்ளையாய் ஒரு தழும்பு;
அதை எந்தக் கிளெய்மில் எழுதுவது?

ஒரு ஜப்பான் காகிதத்தையும் ஒரு ஜெர்மன் காகிதத்தையும்
சேர்த்துத் தைத்தால் நான் கிடைப்பேன் என்றார்
அரசு வக்கீல்.
தைத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றாள் றோஸ்லெட்.
நீதிபதி என் கைப்பெட்டியைப் பார்த்தார்:
‘இது எரியுமா?’
எரித்தேன்.
ஸ்டெனோவின் கை ஒரு கணம் நின்றது.
அந்த வெளிச்சம் பதிவில் ஏறவில்லை.
ஏறியது: கோடை விடுமுறைக்குப் பின்.

அனந்தபுரியில் குழித்துறை வந்து இறங்கி
கடை திறக்கும் முன்பே பிஜுலால் நிற்கிறான்.
‘சேச்சி, இதொன்னு நோக்கு.’
கழற்றினேன்.
உள்ளே, ஈயம் சளியாய் வழிந்த பற்றவைப்பில்,
மிச்சத்திலிருந்து பின்னுக்கு
ஒரு பச்சை வயர்.

என் வழியேதான். என் கை இல்லை.

தளர்ந்த பாட்டரி போட்டுப் பார்த்தேன்.
என்னுடையதைவிட
ஒரு நொடி முன்னால் எரிந்தது பொட்டு.

யார் பண்ணினது?
நெய்யாற்றின்கரையில் ஒருத்தன், பேர் தெரியாது.
என்னுடையதைப் பார்த்தவனா,
பார்க்காமலே தோன்றியவனா?
தோள் குலுக்கினான் பிஜுலால்.

உடைந்திருந்தது பாட்டரி மூடி மட்டும்.
மாற்றிக் கொடுத்தேன். நாற்பது ரூபாய்.
றோஸ்லெட்டிடம் இன்னும் சொல்லவில்லை.
நெய்யாற்றின்கரைக்கு
பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்.