அரைவாசிக் காணி

கச்சான் என்றுதான் முதலில் எழுதினேன்.
ஆனி மாதம், பத்து மணிக்கே
உட்துறைமுக வீதித் தார் இளகிச்
செருப்பைப் பிடித்து இழுத்த நாள்.
றிஸ்மியா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
காற்றா, கொட்டையா?
அன்றைக்கு இரண்டையும் தின்றிருந்தேன்.
பக்கத்தில் கேள்விக்குறி ஒன்று போட்டேன்.

எண்பது பக்கக் கொப்பி. இது மூன்றாவது.
வியாழன்: கோப்பி இரண்டு. கப்பல் வாழைப்பழம்.
திங்கள்: கோப்பி இல்லை. அதனால்தானோ?
நித்திரை காணாது.
போயா லீவு, நித்திரை கூடிப்போச்சு.
பக்கத்து வீட்டு ஊதுபத்தி.
பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் மல்லிகை.
ஒன்றுமே எழுத இல்லாத ஒரு செவ்வாய்,
அன்றுதான் மூன்று தரம் சத்தி.

எனக்கு வேலை காணிப் பதிவகத்தில்.
வருமுன் அது எழுத்தைத் தின்னும்.
'வேலாத்தை மகள் தங்கப்பிள்ளை' என்பதில்
மகள் வரைக்கும் இருக்கும்.
அதற்கங்கால்
ஒல்லாந்தர் குடாவில் மத்தியான வெயில் விழுந்தமாதிரி
பல்லுப்பல்லாய் ஒரு வெளிச்சம்
அரிவாள் வளைவில் ஊரும்.
குளிசை போட இருபது நிமிஷம்.
அதற்குள் கவுண்டரில் ஒருவர் வந்து நின்று
தகப்பனின் கையெழுத்தைக் காட்டச் சொல்வார்.
அரைவாசிக் கையெழுத்தை
முழுசாய்த் தெரிவதுபோல் காட்டுவேன்.

பிறகு,
எந்தப் பேரேட்டிலும் ஏறாத உறுதி ஒன்று:
கிழக்கே இடது கண்,
தெற்கே கடைவாய்ப் பல்,
மேற்கே காதுக்குப் பின்னால் ஓடும் நரம்பு,
வடக்கே தலை வகிடு.
இந்நான்கெல்லைக்குள் அடங்கிய நிலமும்
கிணறும்
வான்பயிர் தான்பயிர் யாவும்
அதற்கே முழுவதும்.
எனக்கு மிச்சம் வலப்பக்கம்.
அதிலும் வழிவாய்க்கால் பாத்தியதை கேட்கிறது.

கன்னியாவுக்குப் போ என்றார்கள்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
ஐந்தாம் கிணற்று வாளியோடு நின்று பார்த்தேன்.
இடித்துக்கொண்டுதான் இருந்தது,
நனைந்தபடி.

கிளினிக் டொக்டர் என்னைவிட இளையவர்.
கொப்பியைப் பின்னாலிருந்து புரட்டி
நல்லா எழுதியிருக்கிறீங்க என்றார்.
இரவில் போட வெள்ளைக் குளிசை தந்தார்.
மாதம் ஒன்பது ஆறாகியது.
மூன்று நாள் லாபம்.
அந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு
நிலாவெளிக்குப் போனோம்.
வெயில்.

நிமலகாந்தன் தாளிக்காமல் சமைக்கப் பழகிவிட்டார்.
கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விடுகிறார்,
குக்கரை விசிலடிக்க விடாமல் இறக்கிவிடுகிறார்.
ஒருநாள், நான் படுத்திருந்தபோது,
கொப்பியில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்.
இருந்தது.
கேள்விக்குறியோடு.
அதைப்பற்றி இருவரும் இன்னும் கதைக்கவில்லை.

பேரேட்டு அறையில் லைட்டை அணைத்து
றிஸ்மியா தன் தொழுகைப் பாயைத் தந்தாள்.
ஜன்னலுக்கு வெளியே
எங்கள் சாப்பாட்டுப் பொலித்தீனை ஒரு மான்
மென்றுகொண்டிருந்தது.
ஒவ்வொரு மெல்லலும் எனக்குள் கேட்டது.
போ என்று சொல்ல வாய் திறக்கவும் ஏலாது.

மீன் மணம் கொப்பியில் இரண்டு இடத்தில் உண்டு.
ஆனாலும் கறண்ட் இல்லாத வெள்ளிக்கிழமை
வாடியடியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்,
ஒரு கண்ணைப் பொத்தியபடி.
ஐஸ் எதுக்கு அக்கா?
தலைக்கு.
பாரைத் தலையா, விளைமீனா?
பாதித் தலை.

அவன் சிரிக்கவில்லை.
கட்டியைச் சாக்கில் சுற்றி,
தூரப் போய் அடித்து உடைத்துக்கொண்டு வந்தான்.
மிச்சக் காசை ஒவ்வொன்றாய்
ஒன்றிலொன்று முட்டாமல்
என் உள்ளங்கையில் வைத்தான்.

பையில் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.
அப்படியே நெற்றியில் வைத்தேன்.