வலக்கை மணிக்கட்டு, எக்ஸ்ரே

குத்தாயிசியில் பனி உருகி மறுபடி உறைந்த காலை.
வழுக்கி விழுந்தவர்கள் வரிசையில்
ஏழாவது ஆள் நுக்சர்.
வலக்கையைப் பலகையில் வைத்தேன்.
இடக்கையை ஒதுக்கிப் பிடித்தபோது
என் விரலடியில், தோலுக்குள், ஒரு வண்டு இரைந்தது.
"டயாலிசிஸ் ஊசிக்காக வெட்டி இணைத்தது" என்றார்.
"வாரம் மூன்று நாள். ஆறு வருஷம்."

எலும்பைத்தான் கேட்டிருந்தார்கள்.
எலும்பு வந்தது, விரிசலோடு.
கேளாமலே கூட வந்தன
மணிக்கட்டிலிருந்து விரல்வரை
இரண்டு வெள்ளைத் தண்டவாளங்கள்.
மருந்து ஏற்றினாலொழிய
ரத்தக்குழாய் நிழல்கூடக் காட்டாது.

படத்தை விளக்குவது என் வேலையில்லை.
திரையைத் திருப்புமுன் எட்டிப் பார்த்துவிட்டார்,
முப்பது வருஷம் கொதிகலன் பழுது பார்த்தவர்.
"சுண்ணாம்பு பிடித்துவிட்டது"
யார் வீட்டுக் குழாயையோ சொல்வதுபோல்.
"இறுகின குழாயிலும் தண்ணீர் வரும், வராமலென்ன.
பம்ப்தான் பாவம்."
பிறகு
சட்டையைப் பூட்ட ஒரு கை போதாமல்
என்னைப் பார்த்தார்.
நெஞ்சுக்கு நேரே இருந்த பொத்தானை
நான் போட்டுவிட்டேன்.

மருத்துவர் எழுதியது: முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம்.
அதன் கீழே பென்சிலில்
'நாளங்களையும் இதயத்தையும் பார்க்கவும்' என்றெழுதி
அழித்து
மறுபடி எழுதினேன்.

கட்டுப் பிரிக்க வந்தவர் கையில்
துணியில் சுற்றிய சுல்குனிப் பாலாடைக்கட்டி.
"த்சியாலா மறந்துபோய் வாங்கிவிட்டாள்.
எனக்கு ஆகாது. நீ சாப்பிடு."

வீட்டில் பிரித்தேன்.
ஒரு ஓரம் கடித்திருந்தது.