சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் என் வேலை
வெள்ளியின் பொய்யைக் கண்டுபிடிப்பது.
அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச்சிமிழ்,
எந்தக் குழந்தையோ கடித்த அரைஞாண்,
எல்லாம் மெஷினுக்குள் போகும்,
எண்ணாகத் திரும்பி வரும்.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள்
தியாகனூர்க் கொளஞ்சியப்பன் வந்தார்.
கடாரம் திரும்ப ஏஜெண்டுக்கு
முப்பதாயிரம் குறைகிறதாம்.
கடாரம் என்று சொன்னது நான்.
அவர் கெடா என்றார்,
விசாவில் அப்படித்தான் இருக்கிறது.

மனைவியின் கொலுசு மூன்று ஜோடியைக் கொட்டியபோது
நடுவில் உருண்டது அது.
பாதிச் சுண்டைக்காய் அளவு,
கிண்ணம் போலக் குழிந்து.

"செம்பனைத் தோட்டத்துல வாய்க்கா வெட்டுறப்ப
மம்புட்டியில மாட்டுச்சுங்க.
செங்கல்லு, இரும்புக் கசடு, ஊதுகுழல் ஓடு,
நம்ம கஞ்சமலை அடிவாரத்துல கிடக்குமே,
அதே கணக்கா.
பக்கத்துல கூரையில்லாத கோயிலு ஒண்ணு,
அடித்தளம் மட்டும் நிக்குது.
எங்கூரு வயக்காட்டுல
கண்ண மூடி உக்காந்திருக்காரே,
அவரும் அங்க இருந்தாராம்.
இதையும் சேத்துப் போட்டுக்கங்க."

இரண்டு கிராம் நானூறு மில்லி.
தொண்ணூற்றிரண்டு சதம்.
கடலுக்கு அப்பால் ஓர் அரசு
நாணயத்தில் பொய் சொல்லவில்லை.

லென்சைக் கண்ணில் வைத்தேன்.
நாலு இதழ்.
தாமரையில்லை, தும்பையுமில்லை.
நாகலூர்ச் சரிவில் வளர்ந்தவளுக்கு
இதைப் புத்தகம் வந்து சொல்ல வேண்டாம்.
சந்தனப் பூ.
வைக்கோல் நிறத்தில் விரிந்து
ரத்தப் பழுப்பாக முற்றும்.
மணக்காது.
மணமெல்லாம் மரத்தின் வைரத்தில்,
வெட்டினால்தான் தெரியும்.

சேர்வராயன் மலையிலிருந்து கடல் தெரியாது.
பகோடா முனையில் எட்டிப் பார்த்தாலும்
தெரிவது அயோத்தியாப்பட்டணம்,
பெயரில் மட்டும் துறைமுகம்.
ஆனாலும் ஒருவன் இறங்கியிருக்கிறான்.
பொதிமாட்டில் இரும்புக் கட்டியும் சந்தனக் கட்டையும்,
ஆத்தூர் வழியே கிழக்கே, கிழக்கே,
உப்புக் காற்று முகத்தில் அறையும்வரை.
அக்கரை அரசன் அவன் கையில்
அவன் மலைப் பூவையே வைத்து
இதுதான் விலை என்றிருப்பான்.
அன்றிரவு சிவனுக்கு ஒரு விளக்கு,
புத்தனுக்கு ஒரு விளக்கு.
காற்று யார் கையில் என்று
யாருக்குத் தெரியும்.

"எவ்வளவுங்க வரும்?"
"இருநூத்தி இருவது."
"எழுதிக்கங்க."

எழுதினேன்.
கொலுசுகள் உலைக்குப் போயின.
பூ என் டிராயரில்,
ரப்பர் பேண்டுகளுக்கும்
யாரோ கொடுத்த கோடாலித் தைலத்துக்கும் நடுவில்.

ராத்திரி கணக்கு முடிக்கையில்
முதலாளி நிமிர்ந்தார்.
ரெண்டு நானூறு குறையுதே?

சேதாரம், என்றேன்.

தலையாட்டி எழுதிக்கொண்டார்,
திரும்பாத கப்பலுக்கு நேரே
இதே சொல்லை எழுதிவிட்டு
அடுத்த வரிக்குப் போன
ஏதோ ஒரு துறைமுகத்துக் கணக்கன் போல.

வெள்ளிக்கிழமை விமானமாம் கொளஞ்சியப்பனுக்கு.
வாய்க்கால்
இன்னும் பாதி வெட்ட வேண்டியிருக்கிறதாம்.